கண்ணாடிப் பெட்டியில் ஒன்பது வருஷம்

ஜூன் 9, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

சனிக்கிழமை உங்களையெல்லாம் வாசலில் இறக்கிவிட்டு வேன் திரும்பியதிலிருந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். நேற்று முழுக்கப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. போனில் கேட்டால் "ஒரு நிமிஷம்க்கா, இன்னொரு கால் வருது" என்று நழுவிவிடுவாய். வீட்டுக்கு எழுதினால் உன் மனைவி பிரிப்பாள். அதனால்தான் உன் கல்லூரி முகவரிக்கு எழுதுகிறேன். வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லாமல் நீயே படி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அக்காவுக்குக் குறை மட்டும்தான் கண்ணில் படும் என்பாய். காலையில் சரணாலயத்தில் எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். உன் பாப்பா மான்களை எண்ண ஆரம்பித்து முப்பத்தெட்டில் குழம்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். உன் மாமியார், "ஒரு மான் பார்த்தா எல்லா மானும் பார்த்த மாதிரிதானே" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். நம் பழைய குவார்ட்டர்ஸை இடித்துக் கட்டிய வண்டி நிறுத்துமிடத்தில் அம்மா இறங்கி நாலாவது காருக்குப் பின்னால் போய் நின்று, "இங்கதான் நம்ம அடுப்படி இருந்துச்சு" என்றாள். அந்தக் காரின் டிரைவர் வந்து, "நகருங்கம்மா" என்றார். அம்மா நகர்ந்தாள். இதையெல்லாம் நீ கவனித்திருக்க மாட்டாய், மியூசியம் மூடிவிடும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

மியூசியத்தின் மூன்றாவது அறையில், "எல்லாரும் இங்க வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்றாய். கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு. நோட்டை விரித்து வைத்திருந்தார்கள். நான் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. தூரத்தில் இருந்தே அது அப்பா கரடி பார்த்த நாளின் பக்கம் என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் அட்டை. அப்பா பெயர். 'வனக் காவலர் ஒன்பது ஆண்டுகள் தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பு. வழங்கியவர்: அவருடைய மகன்.'

உன் மாமியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "உங்க அப்பாவுக்கு என்ன அழகான கையெழுத்து மாப்பிள்ளை. எங்க ஆபீஸ்ல இப்படி ஒருத்தர்கூட எழுதினதில்ல" என்றார். நீ சொன்னாய்: "அப்பா ரொம்பக் கட்டுப்பாடானவர் அத்தை. எவ்வளவு அலுப்பா வந்தாலும் உக்காந்து எழுதிட்டுத்தான் சாப்பிடுவார்."

நான் வாயைத் திறந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "அக்கா, வேன்ல தண்ணி பாட்டில் இருக்கான்னு கொஞ்சம் பாரேன்."

போனேன் பார். ஐம்பத்திரண்டு வயதில், பேச வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, உனக்குத் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனேன். வேன் ஓட்டி வந்த உன் மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு என்ன சொன்னா?" என்றார். "யாரும் ஒண்ணும் சொல்லலை" என்றேன். அதுதான் என் கோபமே. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கையெழுத்து என்னுடையது. உனக்குத் தெரியும். அந்த அட்டையை மாற்றச் சொல். 'சொன்னவர் தந்தை, எழுதியவர் மகள்' என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா


ஜூன் 16

பாசமுள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். பாப்பா பள்ளிக்கூடத்தில் ஒரு கரடியும் இரண்டு குட்டியும் வரைந்து, 'என் தாத்தா பார்த்தது' என்று எழுதி ஒட்டியிருக்கிறாளாம். டீச்சர் வகுப்பில் எழுப்பிப் பேசச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அதையே நாலு தடவை சொல்லிவிட்டாள். மாமாவுக்கு என் நன்றியைச் சொல். அந்த மலை வளைவுகளில் அவர் ஓட்டிய மாதிரி வேறு யாராலும் ஓட்ட முடியாது என்று என் மாமியாரே சொன்னார். அவர் வாயில் ஒருவரைப் பற்றி நல்ல வார்த்தை வருவது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

அட்டை விஷயம். அக்கா, நான் சின்ன வயதிலேயே விடுதிக்குப் போனவன். வீட்டில் தினமும் சாயங்காலம் என்ன நடந்தது, யார் எழுதினார்கள் என்றெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவின் இரும்புப் பெட்டியில் நோட்டுகள் இருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் அவர் கையெழுத்து இருந்தது. அவர் எழுதியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நீ அவ்வப்போது உதவி செய்திருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூடமாட ஒத்தாசை செய்தவர் பெயரையெல்லாம் அட்டையில் போட ஆரம்பித்தால் அப்பாவுக்குக் காலையில் டீ போட்டுக் கொடுத்த அம்மா பெயரையும் போட வேண்டும். இது விளையாட்டுக்குச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அப்பா பெயர் அங்கே இருப்பது நம் எல்லோருக்கும் பெருமைதானே? அதில் உனக்கும் எனக்கும் என்ன பங்கு பிரிப்பது? தண்ணீர் பாட்டிலையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, நிஜமாகவே தாகமாக இருந்தது.

கிளினிக்கில் வேலை அதிகம் போலிருக்கிறது, களைத்துப் போயிருக்கிறாய். இரண்டு நாள் லீவு போட்டு ஓய்வெடு.

என்றும் உன் அன்புத்
தம்பி


ஜூன் 20

தம்பி,

ஓய்வெடு என்கிறாய். பைத்தியத்துக்குச் சொல்கிற மாதிரி.

கூடமாட ஒத்தாசை. சரி, அந்த ஒத்தாசை என்ன என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி. உனக்கு வகுப்பு இருந்தால் முடித்துவிட்டு வந்து படி.

நான் எட்டாவது முடித்த கோடையில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு காவலரும் அன்றன்றைக்குக் கண்ணில் பட்ட மிருகத்தை நோட்டில் எழுதி வாரக் கடைசியில் ரேஞ்சரிடம் காட்ட வேண்டும். அப்பா வேலையில் சேரும்போது எழுதப் படிக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டார். தெரியாது என்று இப்போது சொன்னால் வேலை போகும், வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். மேல்வகுப்புப் பள்ளிக்கூடம் தூரத்தில் இருந்தது, விடுதியில்தான் தங்க வேண்டும். நான் விடுதிக்குப் போனால் நோட்டை யார் எழுதுவது? நான் நின்றேன். மூன்று வருஷம் கழித்து அதே பள்ளிக்கூடத்து விடுதிக்கு, நன்றாகப் படிக்கட்டும் என்று மூன்றாம் வகுப்பிலேயே உன்னை அனுப்பினார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். இரண்டாவது தடவை வாசலில் நின்றே அப்பா சொன்னார்: "அவளுக்குப் படிப்பு ஏறலைங்க." நான் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன். வகுப்பில் முதல் மார்க் வாங்கியவள் நான், அந்த டீச்சருக்கும் அது தெரியும். அவர் திரும்பிப் போனார். படிப்பு நின்றதைவிட அந்த வார்த்தை என்னை அதிகமாக அறுத்தது, இன்றைக்கும் அறுக்கிறது.

தினமும் சாயங்காலம் அப்பா கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்காருவார். "மான் பதினாலு. பன்னி ரெண்டு. கழுகு ஒண்ணு." அவ்வளவுதான் சொல்லுவார். எந்தப் பக்கம், என்ன நேரம், குட்டி இருந்ததா, உங்களைப் பார்த்ததா என்று ஒவ்வொன்றாக நான் கேட்க வேண்டும். கரடிப் பக்கத்தை எடுத்துக்கொள். அவர் சொன்னது, "கரடி ஒண்ணு, குட்டி ரெண்டு." நான்தான், "நீங்க என்னப்பா பண்ணீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நின்னேன்" என்றார். 'தாய் நின்று பார்த்தது. நானும் நின்றேன். குட்டிகள் பாதையைக் கடந்த பின் தாயும் போயிற்று.' அட்டைக்குக் கீழே இந்த வரியைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், நீயும் பார்த்திருப்பாய். பார்த்தவர் அவர், எழுதியது நான். எழுதியதைப் படித்துக் காட்டுவேன். சரி என்றால் கீழே கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தையும் நான்தான் பழக்கினேன், எட்டு நாள் ஆயிற்று.

இது அவ்வப்போது நடந்ததா? ஒன்பது வருஷம். எனக்குக் காய்ச்சல் என்றாலும் நோட்டுக்குக் காய்ச்சல் கிடையாது. என் கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே அப்பா காட்டுப் பணியை விட்டு வாசல் கேட்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். காட்டில் நடப்பதற்கென்றே பிறந்த மனிதர், நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டைத் திறந்து மூடினார். ஏன் என்று இத்தனை படித்தவன் ஒரு நாளாவது யோசித்தாயா?

தெரியாது என்றாயே, அதற்கு வருகிறேன். உனக்குப் பத்து வயது, லீவுக்கு வந்திருந்தாய். நான் எழுதும்போது என் முதுகில் சாய்ந்துகொண்டு கேட்டாய்: "ஏன்க்கா, அப்பாவே எழுதினா என்ன?" அன்றைக்குக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். "அப்பாவுக்கு எழுத வராதுடா. வெளியே மூச்சு விடாதே." "விட மாட்டேன்" என்றாய். சொன்ன சொல்லை முப்பத்துநாலு வருஷம் காப்பாற்றிவிட்டாய். அந்த மட்டில் நீ வாக்குத் தவறாதவன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. நான் இன்றைக்கும் கிளினிக்கில் ஒரு நாளைக்கு நூற்றிருபது சீட்டு எழுதுகிறேன். பெயர், வயது, என்ன தொந்தரவு. டாக்டர் கையெழுத்து யாருக்கும் புரியாது, என் எழுத்து எல்லோருக்கும் புரியும். அந்த எழுத்து அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பாப்பாவைக் கூப்பிட்டு இந்தக் கடிதத்தையும் அந்தப் பக்கத்தையும் காட்டினால் அவளே சொல்லிவிடுவாள்.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

சரி. தெரியும். போதுமா?

மியூசியத்துக்கு நானாகப் போகவில்லை. அவர்கள்தான் பழைய ஊழியர் குடும்பங்களைத் தேடி வந்தார்கள். காப்பாட்சியர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதிகாரிங்க எழுதினது எங்ககிட்ட அலமாரி அலமாரியா இருக்கு சார். ஒரு காவலர் தானே எழுதினது ஒண்ணுகூட இல்ல. இது அவரே எழுதினதா?" என்று கேட்டார். ஆமாம் என்று வாயில் வந்துவிட்டது. வந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது அக்கா. அவர் முன்னால் நின்று, இல்லை, எங்கள் அப்பா கைநாட்டு என்று எப்படிச் சொல்வேன்?

என் மனைவி வீட்டைப் பற்றி உனக்குத் தெரியும். மாமியார் கல்வி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், மாமனார் புத்தகம் எழுதியவர். கல்யாணம் பேசும்போது, "அப்பா என்ன படிச்சிருக்கார்?" என்று கேட்டார்கள். "அந்தக் காலத்துப் படிப்பு, ஆனா நிறைய எழுதுவார்" என்றேன். பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் அந்த ஒரு வார்த்தையில்தான் என் தலை நிமிர்ந்திருக்கிறது. கல்லூரியில் என் சக ஆசிரியர்களைக் கூட்டிப்போய் அந்தப் பெட்டியைக் காட்டியிருக்கிறேன். இப்போது போய் எல்லோரிடமும் பொய் என்று சொல்லச் சொல்கிறாயா?

எப்போது பார்த்தாலும் நீ இழந்ததையே சொல்கிறாய். நான் இழந்ததை யாரிடம் சொல்வது? எட்டு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு விடுதி வராந்தாவில் விட்டுவிட்டுப் போனார்கள். அப்பா உன்னோடு தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். என்னோடு அவர் மொத்தமாக ஒரு மணி நேரம் பேசியிருப்பாரா? லீவில் வந்தால், "நல்லாப் படிக்கிறியா?" என்பார், அதோடு சரி. அவர் என்ன பார்த்தார், எங்கே நின்றார் என்பதெல்லாம் அந்த நோட்டில்தான் எனக்குத் தெரியும். அவர் செத்த பிறகு அந்த இரும்புப் பெட்டியை நீ வேண்டாம் என்று விட்டுப் போனாய், நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவை, அந்த நோட்டு எங்கே என்று கேட்டாயா? கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்ததும் உனக்கு உரிமை வந்துவிட்டது.

அப்பா சாகும்வரை கட்டிக் காத்த மானம் அது. அதை ஊர் முன்னால் அவிழ்க்க வேண்டும் என்கிறாய். அம்மா உன்னோடுதானே இருக்கிறாள், கேள். அம்மா மாற்றச் சொன்னால் மாற்றுகிறேன்.

தம்பி


ஜூலை 8

தம்பி,

அம்மாவைக் கேட்கச் சொன்னாய். உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். டிரங்குப் பெட்டி வந்த இடத்தில் அழுதாள். படித்து முடித்ததும், "நான் சொல்றேன், எழுது" என்றாள். கீழே இருப்பது அம்மா சொன்னது. நான் ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"தம்பி, நல்லா இருக்கியா. பாப்பாவுக்கு இருமல் விட்டுச்சா. நான் நல்லா இருக்கேன், முட்டிதான் வலி. நீ அப்பா பேரை அங்க வெச்சது நல்ல காரியம். அந்த மனுஷன் வாழ்ந்த வரைக்கும் அவருக்கு யாரும் ஒரு மால போட்டதில்ல. அவருக்கு எழுதத் தெரியாதுன்னு நம்ம வீட்டுக்குள்ளதான் தெரியும். அது நம்மளோட போகட்டும். உன் அக்காவுக்கு எப்பவும் வாய் ஜாஸ்தி, நீ மனசுல வெச்சுக்காத. செத்தவர் மானத்தை வாங்கி இவ என்ன பண்ணப் போறா. பொம்பளப் புள்ளைக்கு அங்க பேரு போட்டு என்ன ஆகப்போகுது. அவளுக்கு என்ன குறை, புருஷன் நல்லவன், கையில வேலை இருக்கு. நீ எதையும் மாத்த வேண்டாம்."

நடுவில் ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தி, "இதையும் எழுதணுமாம்மா?" என்று கேட்டேன். "எழுது. சொன்னதை எழுதறவதானே நீ" என்றாள்.

எழுதினேன். எனக்கு எதிராக அம்மா சொன்னதை என் கையாலேயே, எழுத்துக் கோணாமல் எழுதினேன்.  உலகத்தில் வேறு எந்த வீட்டிலாவது இப்படி ஒரு கூத்து நடக்குமா?

எழுதியதைப் படித்துக் காட்டினேன். பழக்கம். அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "அந்தப் பொம்பளப் புள்ளைங்கற எடத்தை அடிச்சிடு" என்றாள். "அடிக்க மாட்டேன்" என்றேன். "நான் சொல்றேன்ல." "சொன்னது சொன்னதுதான்மா. நோட்டுலகூட நான் எதையும் அடிச்சதில்ல." அம்மா எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். டீ வேண்டாம் என்றாள். மாமா இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பது போல் உட்கார்ந்திருந்தார். அவர் பிழைக்கத் தெரிந்தவர்.

மறுநாள் காலை நான் கிளினிக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வாசலுக்கு வந்து, "லெட்டர் போட்டுட்டியா?" என்றாள். "இல்ல." "இன்னொரு வரி எழுது. அந்தப் பெரிய டீச்சர் வந்தப்போ, படிப்பு ஏறலைன்னு சொல்லுங்கன்னு உங்க அப்பாவுக்குச் சொல்லிக்குடுத்தது நான்தான். வேலைக்குச் சேர்ந்தப்போ சொன்னதைத் தவிர அவருக்குப் பொய் சொல்ல வராது. முந்தின நாள்லேருந்து சொல்லிச் சொல்லிப் பழக்கினேன்."

எழுதிவிட்டேன். இது எனக்கே இப்போதுதான் தெரியும். நாற்பது வருஷமாக அந்த வார்த்தைக்கு அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தேன், நோட்டை வேண்டாம் என்று விட்டுப் போனதும் அதனால்தான். நீ கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான். அன்றைக்கு நான் கிளினிக்கில் எத்தனை சீட்டைத் தப்பாக எழுதினேன் என்று எனக்கே தெரியாது. வயிற்றுவலிக்காரரைப் பல் டாக்டரிடம் அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு அம்மா மாற்றச் சொல்லவும் இல்லை, மாற்றாதே என்று மறுபடி சொல்லவும் இல்லை. நீ எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

விடுதி வராந்தாவில் நீ நின்றது எனக்கு வலிக்காமல் இல்லை. அந்த வராந்தாவில் நிற்பதற்கு நான் என்னவெல்லாம் கொடுத்திருப்பேன் என்பதும் உனக்குத் தெரிய வேண்டும்.

இந்த மாதம் இருபத்தாறாம் தேதி லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாமா வேன் எடுக்கிறேன் என்கிறார். அந்தப் பெட்டி முன்னால் நின்று, காப்பாட்சியரிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி, கரடிப் பக்கத்தை மனப்பாடமாக எழுதிக் காட்டுவேன். அதற்கு முன்னால் நீ போய்ச் சொன்னால் நான் போக மாட்டேன். சொன்னவன் நீ, திருத்த வேண்டியவனும் நீ.

அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போய்விட்டு வந்தேன்.

பஸ் முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கல்லூரியில் முதல் வகுப்பு எடுக்கப் போனபோதுகூட இவ்வளவு ஒத்திகை பார்க்கவில்லை. காப்பாட்சியரிடம் சொன்னதும், "அப்ப அந்தப் பொண்ணுக்கு அப்போ என்ன வயசு சார்?" என்றுதான் முதலில் கேட்டார். பதிமூன்று என்றேன். மனிதர் கோபப்படவே இல்லை. நாற்காலியில் இருந்து எழுந்து பெட்டியைத் திறந்து நோட்டை வெளியே எடுத்து மறுபடி பார்த்தார். "இத இன்னும் பத்திரமா வைக்கணும்" என்றார்.  இத்தனை நாள் எதற்குப் பயந்தேன் என்று வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தேன்.

அட்டையை ஒரு மாதத்தில் மாற்றிவிடுவார்கள். வழங்கியவன் நான் என்பதால் என்னிடமிருந்து எழுத்து மூலமாக ஒரு விளக்கம் வேண்டுமாம். கம்ப்யூட்டரில் அடித்தால் ஏற்க மாட்டார்களாம், கையால் எழுதியிருக்க வேண்டுமாம். அது அவர்கள் கோப்பில் நிரந்தரமாக இருக்கும்.

அதற்குத்தான் இத்துடன் ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். கீழே என் கையெழுத்தைப் போட்டுத் தேதியும் போட்டுவிட்டேன். என் எழுத்து உனக்குத் தெரியுமே, கோழி கிளறின மாதிரி இருக்கும். பசங்களே பரீட்சைத் தாளில் நான் எழுதும் குறிப்பைப் படிக்க முடியாமல் திரும்பக் கொண்டுவருவார்கள். நீ எழுதினால் கோர்வையாகவும் இருக்கும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். நடந்ததும் உனக்குத்தான் சரியாகத் தெரியும். நான் சொல்வது போல எழுதிவிடு. மேலே இடம் போதும் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அப்பாவுக்கு எழுதத் தெரியாது என்று வெளிப்படையாக வர வேண்டாம். பார்வை மங்கலாக இருந்ததால் மகளை எழுதச் சொன்னார் என்று போட்டுவிடு. உன் பெயர் வந்துவிடும், அப்பா மானமும் நிற்கும், என் வீட்டிலும் கேள்வி வராது. காப்பாட்சியரிடமும் அப்படித்தான் பட்டும் படாமல் சொல்லி வைத்திருக்கிறேன். இதற்கு மேல் இழுக்காதே அக்கா. நீ கேட்டது நடந்துவிட்டது.

எழுதி உடனே தபாலில் அனுப்பு. அம்மாவிடம் சொல்.

உன் அன்புத்
தம்பி


ஜூலை 26

தம்பி,

இன்றைக்குப் போட்டிருந்த லீவில் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ போனதற்குச் சந்தோஷப்பட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்தாய் என்ற இடம் வரைக்கும் அம்மாவுக்கு உரக்கப் படித்தேன். அடுத்த பக்கத்தை நான் மட்டும் படித்தேன்.

மூன்று நாளாக உன் தாள் மேசையில் கிடக்கிறது. தப்பைச் செய்தவன் நீ, தப்பு என்று எழுதித் தர வேண்டியவள் நான். நீ சொல்கிறபடி நான் எழுத வேண்டும், கீழே உன் பெயர் இருக்கும். இதை எழுதி, மடித்து, உறையில் போட்டு, தபால் தலை ஒட்டும் வரை ஒரு இடத்தில்கூட உனக்கு உறுத்தவில்லையா? உறுத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். மாமாவிடம் காட்டினேன். சிரித்துவிட்டார். நான் முறைத்ததும், "நான் உன்னைப் பார்த்துச் சிரிக்கலை" என்றார்.

இரண்டாவது, பார்வை மங்கல்.

எதிர் மலைச்சரிவில் புதருக்குள் படுத்திருக்கிற மானை எண்ணியவர் அப்பா. ரேஞ்சர் பைனாகுலரை வைத்துக்கொண்டு, "எங்கய்யா?" என்று கேட்பார். அப்பா வெறும் கண்ணால், "அந்தக் காய்ஞ்ச மரத்துக்கு எடது பக்கம் மூணு, அதுல ஒண்ணு நொண்டி" என்பார். அந்தக் கண்ணுக்காகத்தான் அவரைப் பதினேழு வருஷம் காட்டில் வைத்திருந்தார்கள். அந்தக் கண் இல்லாவிட்டால் எனக்கு எழுத என்ன இருந்தது? அவருக்கு எழுத வராது என்பதை மறைக்கிறேன் என்று அவரைக் குருடராக்கப் பார்க்கிறாய். அதை என் கையால் எழுதச் சொல்கிறாய். அப்பா மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனாலும் அவர் பார்க்காததைப் பார்த்ததாக ஒரு வரி நான் எழுதியதில்லை. அவர் பார்த்ததைப் பார்க்கவில்லை என்றும் எழுத மாட்டேன்.

உன் தாளை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் நான் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. நீ எழுது. கோணலாக இருக்கட்டும், கோழி கிளறினது போல இருக்கட்டும். அப்பாவுக்கு எழுதத் தெரியாது என்று எழுது. அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி எழுத வைத்தார்கள் என்று எழுது. தெரிந்தே பொய் சொன்னேன் என்று எழுது. மேலே இடம் போதும்.

எழுதியதை மியூசியத்தில் கொடுத்துவிட்டு நகல் ஒன்று எனக்கு அனுப்பு. அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதுவரை உன்னிடமிருந்து வேறு கடிதம் எதுவும் வேண்டாம். வந்தால் பிரிக்க மாட்டேன்.

அக்கா